டீசல் ஆவியாகிற சாமானா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி, 2024 ஜூலை 13

எங்கள் குடோனில் சூப்பர்வைசர், வேலைக்கே வராத இரண்டு பேருக்கு ஓவர்டைம் எழுதுகிறார். எட்டு பேருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். சொன்னால் இம்பிம்பி, அதாவது துப்புக் கொடுப்பவள், என்று பெயர் வாங்குவாய் என்கிறாள் தோழி. என் கணவரோ, "பார்த்துவிட்டுச் சொல்லாதவன் பயந்தாங்கொள்ளி, இதில் ஆராய்ச்சி பண்ண ஒன்றும் இல்லை" என்கிறார். அவ்வளவுதானா?

ஜூலை 14, ஞாயிறு

உங்கள் கணவருக்குச் சொந்தக் கடையா? அப்படியென்றால் அவர் சொல்வது அவருக்குச் சரி. மாதச் சம்பளக்காரர்களுக்குக் கொஞ்சம் ஆராய்ச்சி பாக்கி இருக்கிறது.

நான் பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

டர்பனுக்குத் தெற்கே ஒரு லாரி கம்பெனி. பெயர் வேண்டாம். எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை, சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பச் சொல்வது. யார்டில் எங்களுக்கே டீசல் டேங்க் உண்டு. டேங்கர் வந்து இறக்கினால் மூன்று காகிதம் என் மேஜைக்கு வரும். டேங்கர்க்காரர் தரும் டெலிவரி நோட், சப்ளையரின் இன்வாய்ஸ், இறக்குவதற்கு முன்னும் பின்னும் டேங்குக்குள் குச்சி விட்டு அளந்து எங்கள் ஆள் எழுதிய சீட்டு. மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம்.

2016 ஜூனில் ஒரு நாள் டெலிவரி நோட் 10,000 லிட்டர் என்றது, குச்சி 9,100 என்றது. யார்டு மேனேஜரிடம் எடுத்துக்கொண்டு போனேன். "தம்பி, டீசல் ஆவியாகிற சாமான்" என்றார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன்.

பயமா என்றால், ஆமாம். அப்போது என் விசா அந்தக் கம்பெனியைக் கட்டிக்கொண்டு இருந்தது. வேலை போனால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். யார் கேட்டாலும் இதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன்.

ஜூலை 15

ஒன்று விட்டுப்போச்சு. டீசல் அப்படியெல்லாம் ஆவியாகாது, அது பெட்ரோலின் குணம். சூடு குறைந்தால் டீசல் சுருங்கும், அது உண்மை. பத்து டிகிரி குறைந்தால் பத்தாயிரம் லிட்டரில் எண்பது லிட்டர் சொச்சம். தொள்ளாயிரம் லிட்டர் சுருங்க வேண்டுமானால் நூறு டிகிரிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். டர்பனில், ஜூன் மாதத்தில்!

அன்று இரவே நெட்டில் தேடி இதைப் படித்துவிட்டேன். மறுநாள் போய் என் கையெழுத்தை அடித்தேனா? இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

இன்று கோயிலில் ஆடிக் கூழ். இங்கே எல்லோரும் அதைப் 'பாரிஜ் பிரேயர்' என்றுதான் சொல்கிறார்கள். அண்டா அண்டாவாக ஊற்றினார்கள். வரிசையில் நிற்கும்போது இஸிபிங்கோ வாசகர் கேட்டிருந்த கேள்வி ஞாபகம் வந்தது: இந்தக் காரியத்துக்குத் தமிழில் என்ன சொல்?

புழக்கத்தில் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். போட்டுக்கொடுப்பது, கோள் மூட்டுவது, வத்தி வைப்பது, காட்டிக்கொடுப்பது. பள்ளிக்கூடத்தில் "மிஸ், இவன் எழுதலை" என்று சொன்னவனுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேச்சில் ஒரு நல்ல சொல் அகப்படவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றுதான் காதில் விழுந்து வளர்ந்தோம். அந்த வீட்டையே ஒருவன் உள்ளிருந்து சுரண்டினால் அதைச் சொல்கிறவனுக்கு என்ன பெயர் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த நாட்டில் இன்னும் மோசம். இம்பிம்பி என்றால் நிறவெறிக் காலத்தில் போலீசுக்குத் துப்புக் கொடுத்தவன். 80-களில் கறுப்பினத்தவர் குடியிருப்புகளான டவுன்ஷிப்களில் அந்தச் சந்தேகத்திலேயே கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்தினார்கள். அதே சொல்லை இன்று ஓவர்டைம் திருட்டைச் சொல்பவர் மீதும் ஒட்டுகிறார்கள். உங்கள் தோழி சும்மா பயமுறுத்தவில்லை. அந்தச் சொல்லின் கனம் அப்படி.

ஜூலை 22

லெனேசியாவிலிருந்து ஒருவர் 'ஆட்காட்டி' என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தார். ஊரில் வயல் வரப்பில் நடந்தால் தலைக்கு மேலே வந்து கத்துமே, அந்தப் பறவை. அதன் உறவுக்காரப் பறவை ஒன்று இங்கே மைதானங்களில் உண்டு, தகரத்தைச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி கத்தும். கத்துவது முட்டையைக் காப்பாற்ற. அதைத் துப்புக் கொடுப்பவனுக்குப் பெயராக வைத்தது யாரோ திருடப் போனவனாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 28, ஞாயிறு

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆம்ஸ்டர்டாமில் நடத்திய ஓர் ஆய்வு, 2012-ல் வெளியானது. 149 மாணவர்களைத் தனித்தனியே கூப்பிட்டு, ஆட்களைக் கொடுமைப்படுத்தும் ஒரு சோதனைக்கு உங்கள் நண்பர்களைச் சேர்த்துவிடும்படி புகழ்ந்து கடிதம் எழுதுங்கள் என்றார்கள். பக்கத்து அறையில் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிப்போட படிவமும் பெட்டியும் இருந்தன. பெயர் எழுத வேண்டியதில்லை. 76.5 சதவீதம் பேர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார்கள். பெட்டியில் போட்டவர்கள் 9.4 சதவீதம்.

ரசமான பகுதி இனிமேல்தான். வேறு மாணவர்களிடம் இதே கதையைச் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். புகார் செய்திருப்பேன் என்றவர்கள் 64.5 சதவீதம். சொன்னபடி செய்திருப்பேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் 3.6.

நானும் 2016 மே வரைக்கும் அந்த 64.5-க்குள் இருந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

திருத்தம். வெட்கத்தோடு.

ஜூலை 14-ல் விசாவைப் பற்றி எழுதினேன் அல்லவா? நேற்று மனைவி பையனின் பாஸ்போர்ட்டைத் தேடி அலமாரியைக் கவிழ்த்தார். என் நிரந்தர வசிப்புரிமைக் கடிதம் கீழே விழுந்தது. தேதி 2015 நவம்பர். டீசல் குறைந்தது 2016 ஜூன். அதாவது நான் முதல் சீட்டில் கையெழுத்துப் போட்டபோது என் விசாவுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பொய் சொல்லவில்லை. எட்டு வருடமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மனைவியிடமும் மைத்துனரிடமும் சொல்லிச் சொல்லி, விசா ஆபீஸ் வரிசையில் நின்றபடியே டீசலை நினைத்துக் கவலைப்பட்டதாக ஒரு காட்சிகூட மனசில் இருக்கிறது. அந்தக் காட்சி நடந்திருக்கவே முடியாது.

ஆகஸ்ட் 5

"அப்படியானால் உண்மையான காரணம் என்ன?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தால் எழுத மாட்டேனா.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வாசகி 'எட்டு பேருக்குத் தெரியும்' என்று எழுதியதை மறுபடியும் படித்தேன். எட்டு பேருக்குத் தெரிந்தால் தைரியம் எட்டு மடங்கு ஆக வேண்டும், ஆகாது. 1968-ல் நியூயார்க்கில் லாட்டானே, டார்லி என்ற இரண்டு பேர் செய்தது: ஒரு அறையில் ஆளை உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவரில் உள்ள துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூடவே இரண்டு பேரை, எதுவும் நடக்காத மாதிரி எழுதிக்கொண்டே இருக்கச் சொல்லி உட்காரவைத்தபோது 10 சதவீதம். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, படிவத்தை நிரப்பினார்கள்.

லெனேசியாக்காரர் மடக்குகிறார்: புகை விபத்து, திருட்டு இல்லையே. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இது புகைதானா, இல்லை நீராவியா?" என்று பக்கத்து முகத்தைப் பார்க்கிறோமே, அது எனக்குப் பழக்கம். சீட்டை வைத்துக்கொண்டு நான் மற்ற கிளார்க்குகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்றைக்கு மூன்று வருடம். பபிதா தியோகரன், கௌட்டெங் மாநிலச் சுகாதாரத் துறையில் கணக்குப் பிரிவின் தலைமை அதிகாரி. டெம்பிசா மருத்துவமனையின் சந்தேகமான பணப் பட்டுவாடாக்களை நிறுத்தச் சொன்னவர். 2021 ஆகஸ்ட் 23 காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஜோகன்னஸ்பர்க்கில் தன் வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது சுட்டுக் கொன்றார்கள். போன வருடம் ஆறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அவர்களை அனுப்பியவர் என்று அந்த வழக்கில் யாரும் நிற்கவில்லை.

அவர் செய்ததும் நான் செய்யாததும் அடிப்படையில் ஒரே வேலை. காகிதத்தோடு காகிதத்தை ஒத்துப்பார்ப்பது. இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஜூலை 14-ல் 'யார்டு மேனேஜர்' என்று எழுதினேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அண்ணே என்றுதான்.

2010-ல் தஞ்சாவூரிலிருந்து வந்து இறங்கியபோது எனக்கு இங்கே யாரையும் தெரியாது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலில் அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். நான்காம் தலைமுறை டர்பன்காரர், தெரிந்த தமிழ் பத்துச் சொல்தான், அதில் தம்பியும் ஒன்று. கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டவர் அவர். என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டில் பேசியவரும் அவர். தைப்பூசத்தில் முதல் தடவை காவடி எடுத்தபோது கடைசி வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இப்போது சொல்லுங்கள், 'யார்டு மேனேஜரைப் பற்றிப் புகார்' எழுதுவது ஒரு விஷயம். அண்ணனைப் பற்றி எழுதுவது வேறு. 2013-ல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் இதைச் சோதித்தார்கள். சிலரை நியாயத்தைப் பற்றியும் சிலரை விசுவாசத்தைப் பற்றியும் கட்டுரை எழுதவைத்துவிட்டு, தவறைப் புகார் செய்வீர்களா என்று கேட்டார்கள். நியாயத்தைப் பற்றி எழுதியவர்கள் கூடுதலாகச் சம்மதித்தார்கள். கொஞ்ச நேரம் எழுதிய கட்டுரைக்கே தராசு சாய்கிறது. முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததற்கு எவ்வளவு சாயும்?

செப்டம்பர் 9

வாசகி ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார்: "பயம் இல்லை என்று தெரிந்ததும் நன்றியைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். நன்றி பார்க்க லட்சணமாக இருக்கிறது."

குத்துகிறது. யோசிக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

யோசித்தேன். அவர் சொல்வதில் பாதி சரி.

முதல் சீட்டுக்கு நன்றிதான் காரணம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு டேங்கர், ஒவ்வொன்றிலும் எண்ணூறு, தொள்ளாயிரம் குறைந்தது. லிட்டர் அப்போது பத்து ராண்ட் சுமார், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழாவது சீட்டில் நான் நின்றபோது மனசில் அண்ணன் இல்லை. முதல் ஆறு சீட்டில் இருந்த என் கையெழுத்துதான் இருந்தது. இன்று சொன்னால், "அப்போ போன மாதம் ஏன் போட்டாய்?" என்பார்கள். எட்டாவது வந்தபோது கேள்வி இன்னும் நீளமானது. இதில் எனக்கு ஒரு சென்ட் கிடைக்கவில்லை என்பதை யார் நம்புவார்?

முதல் நாள் சொல்லாதவனுக்கு இரண்டாம் நாள் சுலபமாகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒவ்வொரு மாதமும் விலை ஏறியது.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஹெரிட்டேஜ் டே விடுமுறை. புரட்டாசி ஆரம்பித்துவிட்டதால் ஊர் முழுக்கக் கறி வாட்டும் வாசனையில் எங்கள் வீட்டில் மட்டும் பருப்பும் டப்பா பீன்ஸும். மனைவியின் ஆயா பழைய கதைகளை ஆரம்பித்தார். கேட்டுவிட்டு வந்து கொஞ்சம் படித்தும் பார்த்தேன், அதனால் இது தடம் மாறிய குறிப்பு.

1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் வந்து நின்றது. கரும்புத் தோட்டத்தில் அடியும், பிடித்துக்கொண்ட கூலியும் யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பவன் தோட்டத்தை விட்டு வெளியே போக முதலாளியின் சீட்டு வேண்டும். முதலாளியைப் பற்றிப் புகார் சொல்லப் போக முதலாளியிடமே சீட்டு! எப்போது வெளியே வந்தது தெரியுமா? ஒப்பந்தம் முடிந்து 1871-ல் மதராஸுக்குத் திரும்பியவர்கள் அங்கே அதிகாரிகளிடம் சொன்னபோது. அதற்குப் பிறகுதான் 1872-ல் டர்பன் இருக்கும் நேட்டாலில் விசாரணைக் குழு உட்கார்ந்தது, குடியேறிகளுக்குப் புரொடெக்டர் என்று ஒரு பதவி வந்தது. நடுவில் நின்றுபோயிருந்த ஆள்கப்பல் 1874-ல்தான் மறுபடி கிளம்பியது.

கடலைத் தாண்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாய் திறந்திருக்கிறது. அந்தக் கம்பெனியில் இருந்தவரை நானும் இதில் ஒரு வரி எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அக்டோபர் 12, சனி

கடைசியில் சொன்னது யார் என்று கேட்கிறீர்கள். அளவுச் சீட்டு எழுதிய பெண். உம்லாசியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வேலைக்கு வருபவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் சிஸி என்பேன், அவர் என்னை பூத்தி என்பார். அக்காவும் தம்பியும் மாதிரி. 2017 ஆகஸ்டில் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போன் செய்தார். பெயர் சொல்லவில்லை. குச்சி பிடிப்பது அந்த யார்டில் ஒரே ஒரு ஆள், பெயர் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

விசாரணை தொடங்குவதற்கு முன்பே அண்ணன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மரியாதையாகப் போனார். சிஸியை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள், பிறகு ஆட்குறைப்பில் எடுத்துவிட்டார்கள். என்னை இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கவனக்குறைவு என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.

இதை எழுதத்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன்: அவர் சொல்லிவிட்டார் என்று தெரிந்தபோது எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம். "பெரிய அரிச்சந்திரி" என்று சாப்பாட்டு அறையில் நானே சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். 2008-ல் வெளியான ஓர் ஆய்வை இந்த வருடம்தான் படித்தேன். அநியாயமான ஒரு வேலையைச் செய்ய மறுத்தவரை, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பிடித்தது. அதே வேலையை ஏற்கெனவே செய்து முடித்திருந்தவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. படித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடிவைத்தேன்.

அக்டோபர் 13

பீனிக்ஸ் வாசகிக்கு, நீங்கள் தனியாகக் கேட்டதற்கு.

2000-ல் வந்த பாதுகாக்கப்பட்ட தகவல் வெளிப்பாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். 2017 திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்த ஆட்களுக்கும் வேலையை விட்டவர்களுக்கும்கூட. நீங்கள் முறையாகச் சொன்னால், விசாரிப்பதா வேண்டாமா என்று 21 நாளுக்குள் முடிவெடுத்து உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்காக வேலையை விட்டு எடுத்தால் வழக்காடலாம். வழக்காடலாம் என்பதற்கும் வீட்டு வாடகை கட்டலாம் என்பதற்கும் தூரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் காவலுக்கு ஆள் நிறுத்த அந்தச் சட்டத்தில் வழியில்லை. தகவல் சொல்பவர்களுக்கு இன்னும் பாதுகாப்பு வேண்டும் என்று அரசாங்க ஊழலை விசாரித்த ஸோண்டோ கமிஷனே பரிந்துரைத்தது.

பிறகு, பெயர் சொல்லாமல் சொல்வதாக இருந்தால், அந்த விவரம் எத்தனை பேர் கையில் இருக்கக்கூடியது என்று முதலில் எண்ணுங்கள். எட்டு பேர் என்பது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு நல்லது.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளிப் பலகாரப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு உம்லாசிக்குப் போனேன். ஏழு வருடம் கழித்து. சிஸி வீட்டு முன்னால் சின்னதாகக் கடை போட்டிருக்கிறார், அமாக்வின்யா சுட்டு விற்கிறார். நம் போண்டா மாதிரி உருண்டை, உள்ளே மட்டும் ஒன்றும் இருக்காது.

வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வாயில் வந்தது வேறு. "சிஸி, முதல் சீட்டு எழுதினது 2016 ஜூன். நீங்க போன் பண்ணினது அடுத்த வருஷம் ஆகஸ்ட். அதுவரைக்கும் ஏன் சும்மா இருந்தீங்க?" எனக்குக் கேட்க யோக்கியதை இல்லாத கேள்வி.

அவர் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "பூத்தி, நான் எழுதிக் கொடுக்கிறேன். வாங்கிப் படிக்கிறது நீங்க. கணக்குப் படிச்சவர், மாடியில உட்கார்ந்திருக்கீங்க. நீங்க எப்பவோ மேலே சொல்லியிருப்பீங்க, உள்ளே ரகசியமா விசாரிச்சிட்டு இருக்காங்கன்னு நினைச்சேன்."

நான் அந்தப் பதினான்கு மாதமும் வருடாந்தர ஆடிட்டர் வந்து பிடித்துவிடுவார் என்று காத்திருந்தேன். ஆடிட்டர் பத்து இன்வாய்ஸ் எடுத்துப் பார்த்தார், அதில் டீசல் இல்லை.

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது, நான் சொல்லலைன்னு?"

"ஒரு வெள்ளிக்கிழமை நீங்களும் அந்த ஆளும் ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே படியில இறங்கி வந்தீங்க. அன்னிக்குத்தான்."

என்ன சிரிப்பு, எந்த வெள்ளிக்கிழமை என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நினைவில்லை. நாங்கள் எல்லா வெள்ளிக்கிழமையும் சிரித்துக்கொண்டுதான் இறங்குவோம்.

பலகாரப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். கிளம்பும்போது பத்து அமாக்வின்யா பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். எண்ணி வாங்கிக்கொண்டார்.